எல்லா வீடும் கொஞ்சம் அமரும்

டெல்மர் ஸ்டில்ட்னரின் வீடு மண்ணுக்குள் இறங்கத் தொடங்கியது, மட்லிக் தீயணைப்பு நிலையத்தில் காட்டுப்பூண்டு விருந்து நடந்த ஏப்ரல் சனிக்கிழமையன்று. விருந்துக்குக் கிளம்பும்போது வாசலில் மூன்று படி இருந்தது. திரும்பி வந்தபோது இரண்டுதான் இருந்தது. அவன் மனைவி ட்வைலா இல்லாத மூன்றாம் படிக்குக் காலைத் தூக்கித் தடுமாறி, கையிலிருந்த மீந்த உருளைக்கிழங்கைப் புல்லில் கொட்டினாள். டெல்மர் குனிந்து பார்த்தான். மண் வெடிக்கவில்லை, சுவரில் கீறல் இல்லை, தண்ணீர்க் குழாய்கூட உடையவில்லை. வீடு ஒரு படி அளவுக்குக் கீழே போயிருந்தது, அவ்வளவுதான். "எல்லா வீடும் கொஞ்சம் அமரத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் முதுகுக்கான மாத்திரையைப் போட்டுக்கொண்டான். அன்றைக்குத்தான் அவன் ஒன்று போட வேண்டிய இடத்தில் இரண்டு போட்டான். படி போனதையும் மாத்திரை கூடியதையும் சேர்த்துப் பார்க்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றாததற்குக் காரணம் உண்டு. மேற்கு வர்ஜீனியாவில் எங்கள் பக்கத்தில் வீடு அமர்வது ஒரு செய்தியே அல்ல. பாட்டன் காலத்திலிருந்து மலைக்கு அடியில் கரியை வெட்டி எடுத்து வெளியூருக்கு அனுப்பியாயிற்று. உள்ளே காலியாக இருக்கும் மலை மேலே இருப்பதை எத்தனை நாள் தாங்கும்? பாப்டிஸ்ட் கோயிலின் கோபுரம் ஓடைப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து மைதானத்தில் பந்தைத் தரையில் வைத்தால் அது தானாகவே எதிரணிக் கூடைக்கு உருண்டு போகும். அதனாலேயே எங்கள் பையன்கள் வெளியூர் ஆட்டங்களில் தோற்பார்கள். வீடு இறங்கினால் கம்பெனியைத் திட்டு, மனு போடு, கிடைக்காத இழப்பீட்டுக்குக் காத்திரு என்பதுதான் இங்கே வழக்கம். வீட்டுக்குள் இருப்பவனைப் பார் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

டெல்மரின் வேலை சுரங்கத்தின் கூரைக்கு போல்ட் அடிப்பது. கரியை வெட்டி எடுத்ததும் தலைக்கு மேலே நிற்கும் பாறையில் துளை போட்டு, நீளமான இரும்பு போல்ட்டைச் செருகி முறுக்கி, பாறையைப் பாறையோடு தைத்து வைக்க வேண்டும். அதற்கு முன் கடப்பாரையால் கூரையைத் தட்டிப் பார்க்க வேண்டும். பானை வாங்குகிறவர்கள் தட்டிப் பார்க்கிற அதே கணக்குத்தான். கணீர் என்றால் பாறை முழுசு. தொம் என்றால் உள்ளே விரிசல் ஓடியிருக்கிறது. அதை எங்கள் ஆட்கள் மத்தளம் என்பார்கள். கூரை மத்தளமாகிவிட்டால் அதற்கு முட்டுக் கொடுக்கப் பார்க்கக் கூடாது, சாமானை எடுக்கத் திரும்பக் கூடாது, வெளியே ஓட வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் சிவப்புத் தொப்பிக்காரர்களுக்கு டெல்மர் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுப்பான். "பாறை ஒரு தடவதான் சொல்லும்டா. ரெண்டாவது தடவ சொல்றப்ப நீ கேக்க மாட்ட" என்பான். அவன் காது அந்தச் சுரங்கத்திலேயே பெயர்போன காது.

அப்படிப்பட்டவன் முதுகிலும் ஒரு நாள் ஒரு பலகைப் பாறை விழுந்தது. பக்கத்தில் இயந்திரத்தின் இரைச்சல், காதுக்கு எட்டவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை உண்மையிலேயே கேட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும். படுக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கிடந்தவன் தூங்கினான், எழுந்தான், வேலைக்குத் திரும்பினான். வலி மெல்லப் போய்விட்டது. ஆனால் மாத்திரை போகவில்லை. ஒன்றுக்குக் கேட்டது இரண்டுக்குத்தான் கேட்டது, பிறகு மூன்றுக்கு. போடாத நாளில் மூக்கு ஒழுகி, கொட்டாவி கொட்டாவியாக வந்து, எலும்புக்குள் எறும்பு ஊர்ந்தது. முதுகுக்காகப் போட்ட மாத்திரையை இப்போது மாத்திரை போடாத வலிக்காகப் போட்டான். டாக்டர் எழுதித் தருவதை நிறுத்தியதும், எழுதித் தராமலே கிடைக்கும் இடங்களைத் தெரிந்துகொண்டான். இதெல்லாம் இரண்டு வருஷத்துக்குள் நடந்தது. அந்த இரண்டு வருஷத்தில் மீதி இரண்டு படியும் போய், வாசல் நிலை புல்லோடு புல்லாக வந்து, பிறகு சன்னல்களின் பாதிவரை மண் ஏறியது. வீட்டின் முன்பக்கம் மட்டும், தாழ்வாரத்தின் அகலத்துக்கு மண் விலகியே நின்றது. அதனால் கதவைத் திறக்க முடிந்தது. எங்கள் ஊரில் துயரம்கூட கொஞ்சம் மரியாதை தெரிந்துதான் வரும்.

மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள் என்பதற்கு ட்வைலாவே சாட்சி. முதலில் வாசலில் இருந்து மேலே ஏற ஒரு பலகை போட்டாள். பிறகு ஒரு சின்ன ஏணி. பிறகு டெல்மர் சுரங்கத்திலிருந்து பெரிய ஏணி ஒன்றைக் கொண்டுவந்து சாத்தினான். மளிகைச் சாமானை வாளியில் கட்டி இறக்கினார்கள். பகலிலும் விளக்கு எரிந்தது. அவர்களுடைய வேட்டை நாய் ரூபி மட்டும் பழக மறுத்துவிட்டது. முதல் ஏணி வந்த நாளிலேயே அது மேலே புல்லில் படுத்துக்கொண்டு, எவ்வளவு கூப்பிட்டாலும் இறங்கவில்லை. இலையுதிர் காலம் வந்தால் டெல்மர் அதைக் கூட்டிக்கொண்டு மலையேறி, அது குரைக்கிற தொனியை வைத்தே ரக்கூன் எந்த மரத்தில் ஏறியிருக்கிறது என்று சொல்வான். இப்போது அவன் கீழே நாற்காலியில் உட்கார்ந்து, கூரைக்கு மேலே அது நடக்கும் சத்தத்தைக் கேட்டான்.

ட்வைலாவின் தம்பி கர்டிஸ் சுரங்கத்தில் டெல்மரின் ஜோடி. ஒரே இயந்திரத்தில் இவன் இடப்பக்கம், அவன் வலப்பக்கம். மாத்திரை கிடைக்கும் இடங்களில் பாதியை டெல்மருக்குக் காட்டிக் கொடுத்ததும் அவன்தான். அவனுக்கும் தோளில் அடிபட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வந்து ஏணியில் பாதி இறங்கியதும் கேலி தொடங்கிவிடும்.

"மச்சான், இனிமே உன் வீட்டுக்கு வர்றதுன்னா தலையில லைட்டு மாட்டிக்கிட்டுத்தான் வரணும்போல."

"வாடா வா. இதவிட ஆழத்துல உக்காந்து ரெண்டு பேரும் சோத்து டப்பாவத் தொறக்கலியா? இதெல்லாம் ஒரு ஆழமா?"

"அங்க சம்பளம் குடுத்தாங்க மச்சான். இங்க உன் பொண்டாட்டி பாத்திரம் கழுவச் சொல்றா."

"மொதல்ல நான் உனக்கு அக்காடா" என்பாள் ட்வைலா அடுப்படியிலிருந்து, சோள ரொட்டியைப் புரட்டிப் போட்டுக்கொண்டே. மூவரும் சிரிப்பார்கள். சுரங்கக்காரன் வீடு என்பதால்தான் இது இவ்வளவு தூரம் போனது என்று பிற்பாடு ட்வைலா சொல்வாள். சமவெளிக்காரன் ஒருவன் தன் சன்னலுக்கு வெளியே மண்புழுவைப் பார்த்திருந்தால் அன்றைக்கே அலறியடித்து ஓடியிருப்பான். டெல்மருக்கு மண்ணுக்கடியில் இருப்பது சொந்த ஊரில் இருப்பது.

மனு போட்டதன் பேரில் கம்பெனி ஒரு நில அளவைக்காரனை அனுப்பியது. சின்னப் பையன், சட்டை கசங்காமல் வந்தான். கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "இங்க நாங்க வெட்டவே இல்லங்க. இந்த மலை இடுக்குக்கு அடியில மொத்தமும் முழுப் பாறை" என்றான். டெல்மர் அவனை ஏணியில் ஏற்றி அனுப்பிவிட்டு, கம்பெனிக்காரன் பிறந்ததிலிருந்தே பொய் சொல்கிறவன் என்று ஊருக்கெல்லாம் சொன்னான். ஊரும் நம்பியது. பொதுவாக அது உண்மைதானே. ஆனால் அந்தச் சுரங்கத்தில் ஒவ்வொரு குகையின் கூரையையும் தன் கையால் தட்டியவன் டெல்மர். மலையின் அந்தப் பக்கத்தோடு வெட்டு நின்றுவிட்டது என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். பையன் சொன்னது நிஜம். கல்யாணமானதிலிருந்து ட்வைலாவிடம் அவன் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான். அது நாக்கில் அவ்வளவு சுலபமாக வந்தது அவனுக்கே வியப்பாக இருந்தது.

பிறகு அவன் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தான். வீட்டுக்குள் மரத்தூண்கள் நட்டான். படுக்கையறை உத்தரத்துக்கு போல்ட் அடித்தான். அடுப்பிலிருந்து மேசைக்கு வர ட்வைலா நான்கைந்து தூணைச் சுற்றி வர வேண்டியிருந்தது. தினமும் காலையில் காபிக்கு முன்னால் கடப்பாரையை எடுத்து வீட்டின் கூரை முழுக்கத் தட்டிப் பார்ப்பான். கணீர். ஒவ்வோர் இடத்திலும் கணீர். "பாத்தியா, பயப்பட ஒண்ணுமில்ல" என்பான். கை நடுக்கத்தால் இயந்திரத்தில் ஏற்ற மறுத்து அவனை வேலையை விட்டு நிறுத்திய பிறகும், அந்தத் தட்டல் மட்டும் நிற்கவில்லை.

மட்லிக்கில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவன் கஷ்டத்தில் இருக்கும்போது அவனைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அவமானம். அவன் வீட்டு வாசலில் மூடிய பாத்திரத்தில் சாப்பாட்டை வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட வேண்டும். அப்படி ஸ்டில்ட்னர் வீட்டுக் குழியின் விளிம்பில் எத்தனையோ பாத்திரங்கள் வந்து நின்றன. யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. கோயில் போதகர் லோனி மட்டும் ட்வைலாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனுஷர்தான். "அவசரப்படாதம்மா. இந்த மாதிரி ஆளுங்க அடியத் தொட்டாத்தான் ஏறுவாங்க. அடி வரட்டும்" என்றார். ஊரில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். ட்வைலாவும் அடி வரட்டும் என்று காத்திருந்தாள்.

கர்டிஸுக்கும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். அவன் இருந்தது சக்கரம் வைத்த இரும்பு வீட்டில். அதற்கு அஸ்திவாரம் கிடையாது. பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, ட்வைலா அவனுக்குப் பன்றி எலும்பு போட்டு வேகவைத்த அவரையை எடுத்துக்கொண்டு போனாள். வீடு இல்லை. வீடு இருந்த இடத்தில் புல் இருந்தது, பிப்ரவரியிலும் பச்சையாக. ஏணி வைக்க ஓர் இடுக்குகூட மிச்சமில்லை. அவள் புல்லில் மண்டியிட்டு, பாத்திரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தம்பியின் பேரைச் சொல்லிச் சொல்லி அழைத்தாள். பிறகு ஷெரீப் ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, தொப்பியைக் கழற்றி நின்றுவிட்டு, வீடு அமர்ந்துவிட்டது என்று எழுதிக்கொண்டு போனார். அந்தப் புல்லிலேயே நாற்காலி போட்டு அடக்க ஆராதனை நடந்தது. லோனி நன்றாகப் பேசினார். மாத்திரை என்ற சொல்லை மட்டும் யாரும் எடுக்கவில்லை. டெல்மர் குழந்தை மாதிரி அழுதான். அந்த அழுகையைத் தாங்க முடியாமல் வீட்டுக்கு வந்து எப்போதும் போடுவதைவிட அதிகமாகப் போட்டான். அன்று மாலையே வீடு ஒரு ஆள் உயரத்துக்கு இறங்கியது. ஏணி எட்டவில்லை. இரண்டு ஏணிகளைக் கட்ட வேண்டியதாயிற்று.

தபால் நிலைய வாசலில் கவுன்டி சுகாதாரத்துறைப் பெண் ஒருத்தி மூக்கில் அடிக்கிற மருந்தை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூச்சு நின்று போனவனை எழுப்புகிற மருந்து. ட்வைலா யாரும் பார்க்காதபோது ஒன்றை வாங்கி, மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தாள். மே மாதம் ஒரு காலை, டெல்மர் நாற்காலியில் உதடு நீலம் பாரித்துக் கிடந்தான். மூச்சு நிமிஷத்துக்கு ஒன்றுகூட இல்லை. அவள் அவனைத் தரையில் கிடத்தி, மருந்தை மூக்கில் அடித்து, வாயில் வாய் வைத்து ஊதினாள். கொஞ்ச நேரத்தில் அவன் திடுக்கென்று எழுந்து உட்கார்ந்து, உடம்பெல்லாம் நடுங்க அவள்மேல் எரிந்து விழுந்தான்.

"எதுக்குடி எழுப்புன? நல்லாத் தூங்கிக்கிட்டிருந்தேன்."

"நீ தூங்கல டெல்மர். செத்துக்கிட்டிருந்த."

"ஒனக்கு எல்லாமே பெருசுதான்."

ட்வைலா கூப்பிட்ட ஆம்புலன்ஸ் ஆட்களையும் கிட்ட விடாமல் அவன் விரட்டிவிட்டான். அவர்கள் மேலேயே அன்று முழுவதும் நின்று, அவன் மறுபடி மயங்கவில்லை என்று பார்த்துவிட்டுப் போனார்கள். ட்வைலா அடுப்பை அணைத்தாள். துணிமணியை ஒரு பையில் போட்டாள். இரண்டு ஏணியும் ஏறி மேலே போனாள். மலை இடுக்கின் முனையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ஜெனீவா லெஸ்டர் குடியிருந்தாள். ஊரில் பாதிப்பேரைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டவள், இவர்களையும் சேர்த்து. முட்டி ஆபரேஷன் ஆகி நொண்டிக்கொண்டிருந்த அந்த வாரத்திலும் சும்மா கிடந்த தன் சக்கர வீட்டை இழுத்து வந்து, குழியின் ஓரத்தில் ட்வைலாவுக்காக நிறுத்திவிட்டு, வழக்கப்படி எதுவும் கேட்காமல் போனாள். ட்வைலா விளிம்பில் நின்று கீழே பார்த்துக் கத்தினாள்.

"டெல்மர்! கேட்டுக்க. நான் இங்க மேல இருக்கேன். நீ செத்தா நான் எறங்கி வர மாட்டேன். கர்டிஸுக்கு அழுததே எனக்குப் போதும். நீ ஏறுறதா இருந்தா மட்டும் சொல்லு, ஏணியப் புடிக்கிறேன்."

அவள் அன்றிரவு முழுக்க அழுதாள். ஆனாலும் வாளியில் சாப்பாட்டை இறக்கிக்கொண்டுதான் இருந்தாள். கோபம் வேறு, பட்டினி போடுவது வேறு.

டெல்மர் தனியாக இருந்தான். தூண்களுக்கு நடுவே நடக்க இப்போது நிறைய இடம் இருந்தது. சில நாள் கழித்து ஒரு காலை, கடப்பாரையை எடுத்து வழக்கம்போல் கூரையைத் தட்டினான். கணீர். அடுத்த அறையில் கணீர். கை நடுங்கியதில் கடப்பாரை நழுவி, நுனி குத்திட்டு, தரையில் விழுந்தது.

தொம்.

அவன் அசையாமல் நின்றான். பிறகு குனிந்து கடப்பாரையை எடுத்து, அதே இடத்தில் மெதுவாகத் தட்டினான். தொம். அடுப்படியில் தட்டினான், தொம். கட்டிலோரம், குளியலறை வாசல், அலமாரிக்கு அடியில், எங்கே தட்டினாலும் மத்தளம். அவன் உட்கார்ந்து மாத்திரை போடும் நாற்காலிக்குக் கீழே அந்தச் சத்தம் ஒரு பெரிய குகைக்குள் போய் எதிரொலித்துத் திரும்பி வந்தது. கூரைக்கு போல்ட் அடிக்கிறவன் வாழ்நாளில் தரையைத் தட்டிப் பார்த்ததே இல்லை. தரை விழுந்து எந்தச் சுரங்கக்காரனும் செத்ததில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்று சும்மாவா சொன்னார்கள்? இவன் ஒரு பக்கத்தையே வருஷக்கணக்காகத் தட்டிக்கொண்டிருந்துவிட்டான்.

ஆழத்தைக் கண்டு அவன் பயப்படவில்லை. ஆழம் அவனுக்குப் பழக்கம். அவனைப் பயமுறுத்தியது வேறு. அடி வரும், அடி வந்ததும் எழுந்து நடக்கலாம் என்று ஊரோடு சேர்ந்து அவனும் காத்துக்கொண்டிருந்தான். வேலை போனபோது இதுதான் அடி என்று நினைத்தான். கர்டிஸ் போனபோது நினைத்தான். மூக்கில் மருந்து அடித்து எழுப்பியபோதும் நினைத்தான். ஒவ்வொரு தடவையும் வீடு இன்னும் கொஞ்சம் கீழே போயிற்று. இப்போது காது சொல்கிறது, அடி என்று ஒன்று கிடையவே கிடையாது. கர்டிஸும் அதற்குத்தான் காத்திருந்திருக்கிறான். டெல்மர் தன் காதைச் சந்தேகப்பட்டவன் அல்ல. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தான். மேலே வானம் ஒரு கதவளவுக்குத் தெரிந்தது.

"ட்வைலா!"

அவள் தலை விளிம்பில் தெரிந்தது. "என்ன?"

"அடியே இல்ல ட்வைலா. தட்டிப் பாத்துட்டேன். கீழ மொத்தமும் மத்தளம்."

அவள் சுரங்கக்காரன் மகள், சுரங்கக்காரன் பெண்டாட்டி. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. "மத்தளம்னா என்ன செய்யணும்னு ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தியே" என்றாள். "ஏறு."

கவுன்டி ஆஸ்பத்திரி பக்கத்தில் மாத்திரைப் பழக்கத்துக்கு வைத்தியம் செய்யும் கிளினிக்கின் நம்பரை அவள் எத்தனையோ மாதமாகப் பர்ஸில் வைத்திருந்தாள். அங்கே போனை எடுத்த நர்ஸின் பேர் இமோஜீன். நாளைக் காலை கூட்டி வா என்றாள். சாயங்காலத்துக்குப் பிறகு எதுவும் போடாமல் வரட்டும், உடம்பு முறுக்கத் தொடங்கியிருக்கும், அப்போதுதான் எங்கள் மருந்தைக் கொடுக்க முடியும், அதற்குள் முடியாமல் போனால் உடனே கூப்பிடு என்றாள். மறுநாள் காலை டெல்மர் ஏணியில் காலை வைத்தபோது வேர்வையும் குளிரும் ஒன்றாக அடித்தது. தொடை தானாக உதறியது. இரண்டு ஏணிகளும் போதவில்லை. அந்த ஒரு வாரத்தில் வீடு இன்னும் இறங்கியிருந்தது. மேல் ஏணியின் நுனிக்கும் விளிம்புக்கும் நடுவே வெறும் மண்சுவர்.

அன்று காலை மட்லிக்கில் எல்லோருக்கும் அந்தப் பக்கம் வேலை இருந்தது. போதகர் லோனி தனக்குச் சொந்தமில்லாத ஒரு வேலிக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். ஜெனீவா பஸ்ஸைக் குழியோரம் நிறுத்திவிட்டு, நன்றாக இருந்த டயரை நல்ல காலால் உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீன் இல்லாத ஓடையில் இரண்டு பேர் தூண்டில் போட்டார்கள். சுரங்கத்தில் இருந்து ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் வீட்டுக்குப் போகாமல், இழுவை லாரியின் எஞ்சினைத் திறந்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார்கள். ஒருவர்கூடக் குழிக்குள் பார்க்கவில்லை. லாரியின் இழுவைக் கயிறு எப்படியோ கை தவறிச் சரியாக டெல்மரின் கைக்குப் பக்கத்தில் விழுந்தது. அவன் அதை இடுப்பில் சுற்றிக்கொண்டதும், எப்படியோ எஞ்சின் சரியாகிவிட்டது. டெல்மர் ஸ்டில்ட்னர் முட்டியெல்லாம் மண்ணாக, மூக்கு ஒழுக, பகல் வெளிச்சத்தில் புல்லின்மேல் வந்து விழுந்தான். ரூபி ஓடி வந்து அவன் முகத்தை நக்கியது. மற்றவர்கள் வானத்தைப் பார்த்து, மழை வரும்போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். லோனி மட்டும் திரும்பாமலே, "நான் சொன்னது தப்பும்மா" என்று ட்வைலாவிடம் சொன்னார்.

கிளினிக்கில் இமோஜீன் நாக்குக்கு அடியில் ஒரு மெல்லிய மருந்துப் பட்டையை வைத்தாள். அது கரையும்வரை பேசக் கூடாது. மத்தியானத்துக்குள் எலும்பிலிருந்த எறும்புகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. மயக்கமும் இல்லை, மிதப்பும் இல்லை. பசித்தது. எவ்வளவு ஆழத்தில் இருக்கிறீர்கள் என்று அவள் கேட்கவே இல்லை. "முன்ன செஞ்சு இப்ப செய்யாதது என்ன?" என்று கேட்டாள். அவன் நாயைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, முடிக்க முடியாமல் அழுதான். அவனைவிட ரொம்ப ஆழத்திலிருந்து வந்தவர்களும் உண்டு, ஒரு படி மட்டும் போனதுமே வந்தவர்களும் உண்டு, மருந்து ஒன்றுதான் என்றாள் அவள். ஒரு படிக்கே வரலாம் என்பது அவனுக்கு அதுவரை தெரியாது.

வீடு அன்றோடு நின்றது. மேலே ஏறி வரவில்லை. யாரும் அதை எதிர்பார்க்கவும் இல்லை. ஒரு தடவை, கர்டிஸின் பிறந்தநாளன்று, டெல்மர் மாத்திரை விற்கும் பழைய இடத்துக்குப் போய்விட்டான். வீடு ஒரு சாண் இறங்கியது. மறுநாளே கிளினிக்குக்குப் போய் அதைச் சொன்னான். இமோஜீன் திட்டவில்லை, டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவைக் கூட்டினாள். "வந்துட்டீங்கல்ல, அதான் விஷயம்" என்றாள். அடுத்த கோடையில் அவன் ஏணிகளை எடுத்துவிட்டு, கைப்பிடியோடு நல்ல சிமென்ட் படிகள் கட்டினான். ட்வைலா திரும்ப இறங்கி வந்தாள். தூண்களைப் பிடுங்கி விறகாக்கினார்கள். மின்சாரக் கணக்கெடுக்க வருகிறவர் படி அதிகம் என்று முணுமுணுப்பார், ஆனால் கோடையில் உள்ளே குளிர்ச்சியாக இருப்பதால் ஒரு கிளாஸ் தேநீர் குடித்துவிட்டுத்தான் போவார். டெல்மருக்குக் கவுன்டி பட்டறையில் வேலை கிடைத்தது. கிளினிக்குக்கு முதலில் தினமும், பிறகு வாரம் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை போனான். மருந்தை நிறுத்தவில்லை. சர்க்கரை வியாதிக்காரன் ஊசியை நிறுத்துகிறானா என்ன.

இப்படி வருஷங்கள் போயின. ஓர் அக்டோபர் காலை, கிளினிக்குக்குக் கிளம்பிய டெல்மரின் லாரியை இடுக்கின் முனையில் ஜெனீவா லெஸ்டர் கை காட்டி நிறுத்தினாள். தபால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தே பேசினாள்.

"டேய் டெல்மர், ஒங்கிட்ட புல்லு வெட்டுற மெஷின் இருக்கா?"

"ஒங்ககிட்டயே இருக்கேக்கா."

"இருக்கு. அது சரியா வெட்டலியோன்னு பாக்குறேன். அடுப்படி சன்னல்ல புல்லு தெரியுது. வெட்டாம விட்டுட்டேன்னு நெனச்சு நேத்து ஒட்ட வெட்டினேன். இன்னைக்கும் தெரியுது."

டெல்மர் அவள் வீட்டைப் பார்த்தான். வெளியிலிருந்து பார்க்க ஒரு குறையும் இல்லை. வெள்ளை பெயின்ட், தொட்டியில் சாமந்தி. மட்லிக்கில் யாரும் யாரையும் நேராகப் பார்த்துக் கேட்காத கேள்வியை அவன் நேராகப் பார்த்துக் கேட்டான்.

"முட்டிக்குக் குடுத்த மாத்திர இன்னும் போடுறீங்களாக்கா?"

"அது டாக்டர் குடுத்தது."

"எனக்கும் டாக்டர்தான் குடுத்தாரு. முட்டி வலிக்குதா?"

அவள் தபால் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினாள். "முட்டி எப்பவோ சரியாப்போச்சுடா" என்றாள். "ஆனா பெருசா ஒண்ணுமில்ல. பஸ்ஸெல்லாம் ஒழுங்காத்தான் ஓட்டுறேன். மழ வந்தா ஒழுகல, கதவு நல்லா மூடுது. புல்லு மட்டுந்தான்."

டெல்மர் எட்டி மறுபக்கத்துக் கதவைத் திறந்தான்.

"ஏறுங்கக்கா."

"அடுப்புல அவரக்கொட்ட வெந்துக்கிட்டிருக்கு."

"அணைச்சுட்டு வாங்க. நிக்கிறேன்."

அவள் போய் அடுப்பை அணைத்தாள், தலையை வாரிக்கொண்டாள், கைப்பையை எடுத்துக்கொண்டு வந்து லாரியில் ஏறினாள். வழியெல்லாம் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து அணியைத் திட்டிக்கொண்டே போனார்கள். ஜெனீவாவின் சன்னலில் புல் இன்றைக்கும் தெரிகிறது, அதற்குமேல் ஒரு விரல்கூட ஏறவில்லை. அடுப்படியில் வெளிச்சம் கொஞ்சம் பச்சையாக விழுகிறதாம். பாத்திரம் கழுவும்போது அது நன்றாகத்தான் இருக்கிறது என்கிறாள்.